கனவான்கள் கட்டிய அரங்கு

தமிழ் நாடக வரலாற்றை எழுதப் புகுவோர் 1891ஆம் ஆண்டினைத் தவறாது குறிப்பிடுவர். அவ்வாண்டிலேதான் திருவனந்தபுரத்துப் பேராசிரியர் சுந்தரம்பிள்ளையின் ‘மனோன்மணீயம்’ அச்சேறியது. அதே ஆண்டு யூலை மாதம் முதலாந் தேதி சென்னையிலே சுகுண விலாச சபை ஆரம்பமாயிற்று. முன்னது படிப்பதற்கென எழுதப்பட்ட நாடகம். அதற்கு மேடை இல்லை. பின்னதற்கோ மேடையேறும் ஆசை இருந்தது. ஏற்றுதற்கு நாடகம் இல்லை. இவ்விரண்டையும் உண்டாக்கியவர்கள் ஆங்கிலக் கல்வி பெற்ற ஒரே வகுப்பினர் என்பதை மட்டும் மனத்திற் கொண்டு, சபையின் கதையை நாம் நோக்குவோம். மனோன்மணீயத்தைப் பல்கலைக்கழகங்கள் போதிய அளவு பேசிவிட்டன. சபையைப் பற்றியோ, அதன் தலைவரைப் புகழும் வாக்கியங்களுக்கு அப்பால் அதிகம் பேசப்படவில்லை.

சபையைத் தொடங்கிய இளைஞருள் முதன்மையானவர் பம்மல் சம்பந்த முதலியார். 1873இல் பிறந்த அவருக்கு அப்பொழுது வயது பதினெட்டு. தமிழ் நாடகம் என்றால் அவருக்கு அதுவரை அருவருப்பு. இதனை அவர் தமது ‘நாடக மேடை நினைவுகள்’ நூலிலே மறைக்காமற் சொல்லியிருக்கின்றார். அந்த அருவருப்பு அவருக்கு மாத்திரம் உரியதன்று. கல்லூரிப் படி மிதித்த எவருக்கும் அன்று அது இருந்தது. தெருவிலே விடிய விடிய ஆடப்பட்ட கூத்து, கொட்டகை போட்டு ஊர் ஊராய்ச் சுற்றிய கம்பெனி, இரண்டையுமே அவர்கள் ‘கூத்தாடிகளின் தொழில்’ என்ற ஒரே சொல்லால் ஒதுக்கினர். அச்சொல்லிலே கலை பற்றிய மதிப்பீட்டிலும் பார்க்கச் சாதி பற்றிய மதிப்பீடே மேலோங்கியிருந்தது என்பது நம் துணிபு. ஆட்டம் நன்றா தீதா என்று பார்த்துச் சொல்லப்பட்ட தீர்ப்பன்று அது. ஆடுகிறவன் யார் என்று கேட்டறிந்த பின்னர் சொல்லப்பட்ட தீர்ப்பு.

இம்மனப்பான்மையை உடைத்தது ஒரு தெலுங்குக் குழு. பல்லாரியிலிருந்து ‘சரச விநோதினி சபை’ என்ற குழு சென்னைக்கு வந்து தெலுங்கு நாடகங்களை ஆடிற்று. அதன் தலைவர் கிருஷ்ணமாசார்லு ஒரு வக்கீல். அவரோடு நடித்தவர்களும் கற்றவர்கள். மேடையிலே வேடம் புனைந்து நின்றவர் மறுநாட் காலையில் நீதிமன்றத்திலே வாதாடக் கூடியவர் என்ற காட்சி, பதினெட்டு வயது மாணவனின் கண்ணைத் திறந்துவிட்டது. கனவான்கள் நடிக்கலாம் என்றால் நடிப்பு இழிவன்று. கூத்தாடியின் மதிப்பு உயர்ந்ததா என்ற கேள்வி இங்கே எழவேயில்லை. சபை பிறந்த கணத்திலேயே அதன் பெருமையும் குறையும் சேர்ந்தே பிறந்தன என்று சொல்லத் தோன்றுகின்றது.

முதலிலே பெருமையைக் கூறிவிடுவோம், அது சிறியதன்று. சம்பந்த முதலியாரும் நண்பரும் ஒழுங்கான சங்கமாக இதனை நடத்தினர். விதிகள், சந்தா, பொதுக்கூட்டம், காரியதரிசி என அக்காலத்துப் படித்த வகுப்பு அரசியலுக்கும் சமயத்துக்கும் அமைத்துக்கொண்ட அதே அமைப்பு நாடகத்துக்கும் வந்தது. பாத்திரங்கள் பகிரப்பட்டன, எழுதிய பாடத்தை மனனஞ் செய்யவேண்டும், ஒத்திகைக்குத் தவறாது வரவேண்டும். இவை இன்று மிகச் சாதாரணமாகத் தோன்றலாம். ஆனால், நடிகன் மேடையிலே நின்று தனக்குத் தோன்றியதைப் பாடி, எதிராளியை வாதுக்கிழுத்து, கதையை நடுவிலே விட்டுவிட்டு அரை மணி நேரம் கழித்து அதற்குத் திரும்பி வந்த காலத்திலே, நாடகம் என்பது தொடக்கமும் முடிவும் உடைய ஓர் எழுத்துப் படைப்பு என்று நிலைநாட்டியது பெருங் காரியமேயாம். விடியும் வரை நீண்ட ஆட்டம் சில மணி நேரத்துள் அடங்கிற்று. குறித்த நேரத்திலே திரை எழுந்தது. பாட்டுக்குப் பாட்டு என்றிருந்த இடத்தில் வசனம் வந்தது.

இவ்வசனமே சபையின் தலையாய கொடை என நாம் கருதுகின்றோம். 1895இல் மேடையேறிய ‘மனோகரா’வை எடுத்துக்கொள்வோம். அரச குடும்பத்துக் கதைதான்; சூழ்ச்சியும் சிறையும் சங்கிலியும் நிறைந்த கதைதான். ஆயினும் தாயும் மகனும் அதிலே பேசிக்கொள்ளும்போது, சுருதி சேர்க்கக் காத்திராமல் பேசுகிறார்கள். கோபம் வந்தவன் கோபத்தோடு பேசுகிறான். தமிழ் மேடையிலே மனிதக் குரல் வாத்தியத்தின் துணையின்றித் தனித்து நிற்க முடியும் என்று இந்நாடகம் காட்டிற்று. தொண்ணூறுக்கு மேற்பட்ட நாடகங்களை எழுதிய அவரது கைவண்ணத்திலே எல்லாம் சமமானவை அல்ல. ஷேக்ஸ்பியரின் ‘ஹம்லெற்’ ‘அமலாதித்யன்’ ஆனதும், ‘மக்பெத்’ ‘மகபதி’ ஆனதும், ‘சிம்பலின்’ ஒலி ஒப்புமை ஒன்றைக் கொண்டே ‘சிம்ஹளநாதன்’ ஆனதும் இப்பொழுது புன்முறுவலை வருவிக்கும். (நம் நாட்டின் பெயர் அங்ஙனம் ஆங்கில மகாகவியின் தயவால் சென்னை மேடையேறியது!) ஆனால் ஜமீன்தார் வர்க்கத்தின் சோம்பலையும் மடமையையும் எள்ளிய ‘சபாபதி’ இன்றும் சிரிப்பூட்டுவது. கனவான்கள் தம்மைத்தாமே நகைத்துக்கொண்ட அரிய சந்தர்ப்பம் அது.

சபைக்கு இடம் 1902 முதல் 1936 வரை சென்னை விக்டோரியா பொது மண்டபம். உறுப்பினரோ நாடறிந்தவர்கள். சி. பி. இராமசாமி ஐயர், ஆர். கே. சண்முகம் செட்டியார், எஸ். சத்தியமூர்த்தி முதலியோர் அதனோடு தொடர்புடையவர்கள். சம்பந்த முதலியாரே 1924 முதல் 1928 வரை சென்னைச் சிறு வழக்கு நீதிமன்றத்திலே நீதிபதியாக அமர்ந்தவர். பகலில் தீர்ப்பு, மாலையில் ஒத்திகை. தமிழோடு தெலுங்கு, கன்னடம், சமஸ்கிருதம் ஆகிய மொழிகளிலும் சபை நாடகம் நடத்திற்று. இத்தகையோர் முகத்திலே அரிதாரம் பூசிய பின்னர், நடிப்பை இழிதொழில் என்று சொல்ல எவர் நா எழும்?

ஆயினும் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். நடிப்புக்கு வந்த மதிப்பு ஊதியம் பெறாத நடிப்புக்கே வந்தது. சபையார் தம்மை ‘ஆமெச்சூர்’ என்று பெருமையோடு அழைத்துக்கொண்டனர். பணத்துக்கு நடிப்பவன் வேறு இனம். அவன் கூத்தாடியாகவே நின்றான். பசிக்காக ஆடினால் இழிவு, பொழுதுபோக்காக ஆடினால் கலை என்ற இந்த நியாயம் எவ்வகை நியாயம்? உழைத்து உண்பவனைத் தாழ்ந்தவனாகவும், உழையாது உண்பவனை உயர்ந்தவனாகவும் வைத்த பழைய நிலப்பிரபுத்துவ நியாயமே அன்றோ, ஆங்கிலப் பெயர் சூட்டிக்கொண்டு அரங்கினுள்ளே நுழைந்தது!

பெண்களின் நிலையும் இதனோடு சேர்ந்ததே. சபையிலே பெண் வேடத்தை ஆண்களே தரித்தனர். ரங்கவடிவேலு முதலியார் அவ்வேடங்களிலே பெரும் புகழ் பெற்றார். சம்பந்த முதலியாரின் கதாநாயகனுக்கு எதிரே நின்ற கதாநாயகி அவரே. அவரது திறமையை ஐயுறுவதற்கு நமக்கு உரிமையில்லை. ஆனால் அந்நாளிலே மேடையேறத் தமிழ்ப் பெண்கள் இல்லை என்று சொல்வது பொய். கும்பகோணத்துப் பாலாமணி அம்மாள் பெண்களையே கொண்ட குழு ஒன்றைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே நடத்தியிருந்தார். பெண்கள் இருந்தனர், அவர்கள் பிறந்த குலமே சபையாருக்குத் தடையாயிற்று. தங்கள் வீட்டுப் பெண்களை மேடையேற்ற மனமில்லை. மேடையேறிய பெண்களைத் தங்களோடு சேர்க்கவும் மனமில்லை. இடையிலே ஓர் ஆடவர் சேலை உடுத்தார்.

இன்னுமொரு கேள்வி நம்மை விடாது உறுத்துகின்றது. ரிக்கற் விற்பனையை நம்பி வாழாத குழுவுக்கு ஒரு சுதந்திரம் உண்டு. கொட்டகை முதலாளிக்கு அஞ்சவேண்டியதில்லை. இன்றிரவு வசூல் இல்லையேல் நாளை அடுப்பெரியாது என்ற அச்சமில்லை. இச்சுதந்திரத்தைக் கொண்டு கனவான்கள் என்ன செய்தார்கள்? 1876ஆம் ஆண்டின் நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டம் இந்தியாவெங்கும் நாடகத்தின் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்த காலம் அது. அச்சட்டத்தின் முன்னே நெஞ்சு நிமிர்த்தி நின்றவர்கள் யார்? வயிற்றுக்காக ஆடிய கம்பெனி நடிகர்களும் ‘ஸ்பெஷல்’ நடிகர்களும். அவர்களுள்ளே தலைசிறந்த விசுவநாததாஸ் 1886இல் சிவகாசியிலே மருத்துவர் குலத்திற் பிறந்தவர். புராண நாடகத்தின் நடுவே தேசியப் பாட்டைப் பாடியதற்காகப் பன்முறை சிறை சென்றார். சாதி காரணமாக அவரோடு சேர்ந்து நடிக்க மறுத்த நடிகரும் உண்டு. 1940ஆம் ஆண்டின் கடைசி நாள், சென்னையிலே முருகன் வேடத்தில் மயில்மேல் அமர்ந்திருந்தபடியே மேடையில் உயிர் நீத்தார். சபையைச் சேர்ந்த சத்தியமூர்த்தியுந்தாம் சிறை சென்றார். ஆனால் அவர் சென்றது அரசியல்வாதியாக. அவர் நடித்த மேடை அவரைச் சிறைக்கு அனுப்பவில்லை. இவ்வேறுபாட்டை நாம் சிறிதென்று கொள்ளமாட்டோம்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1911இல் சுகுண விலாச சபை கொழும்புக்கு வந்து நாடகங்கள் ஆடிற்று. தனுஷ்கோடி – தலைமன்னார்க் கப்பற்சேவை 1914இலேதான் தொடங்கியது. அதற்கு முன்னர் கொழும்புக்கு வருவோர்க்குத் தூத்துக்குடித் துறைமுகமே பெருவாயில். தேயிலைத் தோட்டங்களுக்குக் கங்காணிமாரால் அழைத்துவரப்பட்ட தொழிலாளரும் இதே கடலைத்தான் கடந்தனர். காமன் கூத்தும் அருச்சுனன் தபசும் பொன்னர் சங்கரும் அவர்களோடு மலைநாட்டுக்கு ஏறின. அக்கூத்துக்களை வரவேற்க எந்தக் கனவானும் துறைமுகத்திலே நின்றதாகச் செய்தியில்லை.

கொழும்பிலே சபையை வரவேற்றவர்கள் அரசாங்கக் கந்தோர் இலிகிதர்கள், பிரக்கிராசிமார், அப்புக்காத்துமார், வர்த்தகர். ‘படித்த இலங்கையர்’ என்று ஒரு தனித் தொகுதி வகுத்து, ஏறத்தாழ மூவாயிரம் பேருக்கு வாக்குரிமை வழங்கி, அதே 1911இன் இறுதியிலே ஆட்சியாளர் தேர்தல் நடத்தினர். பொன்னம்பலம் இராமநாதன் வென்றார். சிங்களரும் தமிழரும் ஒற்றுமையாக ஒரு தமிழரைத் தெரிந்தனர் என்று அதனை மேடைதோறும் பேசுவோம். கரையார் குலத்துச் சிங்களர் ஒருவரைத் தோற்கடிக்கவே கொவிகமப் பிரமுகர்கள் தமிழ் வேளாளர் ஒருவரை ஆதரித்தனர் என்பதை அத்துணை உரத்துப் பேசுவதில்லை. நாடக சபையை ஆதரித்த வகுப்பு எத்தகையது என்று அறிய இத்தேர்தலினும் நல்ல சான்று வேண்டியதில்லை.

அந்நாடகங்களைக் கண்டவருள் ஒருவர், 1889இல் பிறந்த க. சொர்ணலிங்கம். பின்னாளிலே ‘கலையரசு’ என்று ஈழத்தவர் அனைவரும் போற்றிய அவர், சம்பந்த முதலியாரையே தம் குருவாக வரித்துக்கொண்டார். அடுத்த சில ஆண்டுகளுள் கொழும்பிலே ‘லங்கா சுபோத விலாச சபை’யும் யாழ்ப்பாணத்திலே ‘சரஸ்வதி விலாச சபை’யும் தோன்றின. பெயரைப் பாருங்கள்: ‘விலாசம்’ அப்படியே வந்துவிட்டது. நாடகங்களும் அப்படியே வந்தன. ‘மனோகரா’ ஆடப்பட்டது, ‘வாணீபுர வணிகன்’ ஆடப்பட்டது. அதிலே சொர்ணலிங்கம் தரித்த ஷைலொக் வேடம் ஈழத்து நாடக உலகில் ஒரு தலைமுறையின் பேச்சாயிற்று. ஒழுங்கு, நேரந் தவறாமை, பாத்திரத்தோடு ஒன்றிய நடிப்பு ஆகிய சென்னைப் பாடங்களை அவர் ஐயந்திரிபறக் கற்றார். கற்றதைப் பிறருக்கு அயராது கற்பித்தார். 1982இலே மறையும் வரை நாடகத்தையே நினைந்திருந்த அப்பெரியாரின் ‘ஈழத்தில் நாடகமும் நானும்’ என்ற நூலை, நாடகம் பயில விரும்பும் ஒவ்வோர் ஆசிரியரும் படித்தல் வேண்டும் என்பது நம் வேண்டுகோள்.

ஆனால், சபைகள் ஆடிய அரங்கத்துக்குச் சில மைல் தொலைவிலே பாசையூரிலும் குருநகரிலும் கடற்றொழிலாளர் தென்மோடிக் கூத்து ஆடிக்கொண்டிருந்தனர். மட்டக்களப்பின் ஊர்கள் தோறும் வடமோடியும் தென்மோடியும் களரி கட்டி ஆடப்பட்டன. மன்னாரிலே கூத்துக்குக் கோயிலே துணை. சபையாருக்கு இவை எவையும் நாடகமாகத் தெரியவில்லை. அண்ணாவியார் ஒருவரை அழைத்து ஒரு தாளக்கட்டைக் கேட்டறிந்தால் தம் மேடைக்கு வலிமை சேரும் என்று அவர்கள் எண்ணவில்லை. ஈழத் தமிழனின் பேச்சும் அவர்களது மேடைக்கு எட்டவில்லை. யாழ்ப்பாணத்து நடிகன் யாழ்ப்பாணத்து மக்களின் முன்னே நின்று சென்னை வசனம் பேசினான். அதனைக் கேட்டுக் கைதட்டியவரும் வீட்டிலே பேசியது வேறு தமிழ்.

இக்குறையை முதலிலே கண்டு அதற்கு மருந்தும் செய்தவர் பேராசிரியர் கணபதிப்பிள்ளை. 1940இல் வெளிவந்த அவரது ‘நானாடக’த்திலே ‘உடையார் மிடுக்கு’ என்ற நாடகம் உண்டு. தலைப்பைப் படித்த மாத்திரத்திலே நம் கிராமம் கண்முன் வருகின்றதன்றோ! அரசனும் இல்லை, சங்கிலியும் இல்லை. உடையார் இருக்கிறார்; அவருடைய மிடுக்கு இருக்கிறது; வடபகுதிப் பேச்சு வழக்கு இருக்கிறது. 1952இன் ‘இரு நாடகம்’ அவ்வழியைத் தொடர்ந்தது. இவற்றை ஆடியவரும் பல்கலைக்கழக மாணவர். அவர்களும் ஊதியம் பெறாதவரே. ஆகவே, குறை ‘ஆமெச்சூர்’ என்ற நிலையிலே இல்லை என்பதும் தெளிவாகின்றது. 1956இல் சரச்சந்திரரின் ‘மனமே’ சிங்கள மேடையைப் புரட்டிப்போட்டதன் பின்னர், பேராசிரியர் வித்தியானந்தன் அண்ணாவியாரைப் பல்கலைக்கழகத்துக்கு அழைத்தார். ‘கர்ணன் போர்’ 1962இலும் ‘இராவணேசன்’ 1964இலும் மேடையேறின. ஐம்பது ஆண்டுகளாகச் சபையார் தாண்டாத சில மைல் தூரம் அப்பொழுதுதான் தாண்டப்பட்டது.

தாண்டியும் என்ன! கூத்து மண்டபத்துக்கு வந்தது. கூத்தின் கதை மாறவில்லை. கர்ணனும் இராவணனுமே இன்னும் மேடையை ஆண்டனர். வடிவம் மக்களுடையது, ஆனால் மக்களின் வழக்கு எங்கே என்று அன்றே கேட்டவர்கள் இருந்தனர். நாமும் அவர்கள் பக்கமே நிற்கின்றோம். எனினும் வித்தியானந்தனார் அந்த முதற் பாலத்தைக் கட்டாதிருந்தால் இக்கேள்வியைக் கேட்பதற்கும் இடமிருந்திராது.

மனோகராவின் பின்வரலாற்றை ஓரிரு வாக்கியத்தாற் கூறிவிடலாம். பாய்ஸ் கம்பெனிகள் அதனை எடுத்துக்கொண்டன. கனவான்கள் எழுதிய வசனத்தை ஏழைச் சிறுவர் ஊர் ஊராகப் பேசினர். 1936இலும் 1954இலும் திரைப்படமாயிற்று. இரண்டாம் முறை வசனம் மு. கருணாநிதியுடையது. கனவான்கள் கண்டெடுத்த வசனம் தெருவிலே அரசியலாயிற்று. இதனைச் சம்பந்த முதலியார் விரும்பினாரோ இல்லையோ, 1964இலே தொண்ணூற்றோராம் வயதில் மறையும் முன்னர் கண்டுவிட்டே சென்றார். சபையோ 1936இல் மவுண்ட் வீதிக்கு இடம்பெயர்ந்து, காலப்போக்கிலே பிரமுகர்கள் கூடும் கழகமாயிற்று. பெயர் மட்டும் மாறவில்லை.

நம் பள்ளிக்கூடங்களிலே அச்சபையின் ஆவி நெடுங்காலம் உலவிற்று. பரிசளிப்பு விழாவுக்கு நாடகம் என்றால் அரசவைக் காட்சி வேண்டும்; வெல்வெட்டு அங்கி வேண்டும். யாருடைய மகனுக்கு அரசன் வேடம், யாருடைய மகனுக்குச் சேவகன் வேடம் என்பது ஒத்திகைக்கு முன்னரே ஊராருக்குத் தெரியும். நாம் மாணவராயிருந்த பள்ளியிலும் இவ்வழக்கம் இருந்தது. நன்றாகப் பாடக்கூடிய பையன் ஒருவன் மூன்று ஆண்டுகளும் திரைக்குப் பின்னாலேயே நின்று பாடினான். குரல் மேடையேறிற்று, ஆள் ஏறவில்லை. ஆசிரியர் எவரும் அதற்குக் காரணம் சொல்லவில்லை. நாமும் எவரும் கேட்கவில்லை.

1960களின் இறுதியிலே வடமராட்சி நெல்லியடியிலிருந்து ‘அம்பலத்தாடிகள்’ என்ற குழு புறப்பட்டது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலிலே தாழ்த்தப்பட்ட மக்கள் உள்ளே செல்ல உரிமை கோரி நின்றனர். சமூகக் குறைபாடுகள் தடைச்சட்டம் 1957இலேயே நிறைவேறியிருந்தும் கதவு திறக்கவில்லை. அப்போராட்டத்தின் சூட்டிலே, என். கே. ரகுநாதன் எழுதிய ‘கந்தன் கருணை’யை இக்குழுவினர் காத்தவராயன் கூத்தின் பாணியிலே ஆடினர். சாதி மீறிக் காதலித்ததற்காகக் கழுவேற்றப்பட்டவனின் கதை காத்தவராயன் கதை. மாரியம்மன் கோயில் முன்றல்களிலே தலைமுறை தலைமுறையாக அதனைப் பார்த்து அழுத மக்களுக்கு, அந்த மெட்டைக் கேட்டவுடனேயே யாருடைய கதை சொல்லப்படுகின்றது என்று விளங்கிவிடும். ஊதியமில்லை, விக்டோரியா மண்டபமில்லை, நீதிபதியும் அப்புக்காத்தும் உறுப்பினராயில்லை. ஓலைப்பாய் விரித்து முன்வரிசையிலே அமர்ந்திருந்தவர்கள், அதுவரை எந்த விலாச சபையும் ரிக்கற் விற்கக் கருதியிராதவர்கள்.